டயாலிசிஸ் அறையில் படித்த காதல் நாவல்

எனக்கு மாத நாவல்கள் பிடிக்கும். பஸ் நிலையத்துக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அட்டையில் ஒரு பெண் முகமும் பின்னால் துப்பாக்கியோ ரோஜாவோ இருக்குமே, அவைதான். பிடிக்கும் என்பதற்காக உயர்த்திச் சொல்ல மாட்டேன். துப்பறியும் கதைகளில் பாதி ஏமாற்று வேலை. நாம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். கடைசி அத்தியாயத்தில், அதுவரை கண்ணிலேயே படாத ஒரு சித்தப்பா மகன் துபாயிலிருந்து வந்து இறங்குவான். அவன்தான் கொலைகாரனாம். நல்ல கதை என்றால் கொலைகாரன் ஆரம்பத்திலேயே வந்து, சிரித்த முகத்தோடு நமக்குக் காபி கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

காதல் கதைகள் மேல் எனக்குள்ள குறை வேறு. நாயகனுக்கு ஒரு மில் இருக்கும், மூக்கு நுனியில் கோபம் இருக்கும். நாயகிக்குத் தன்மானத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. இரண்டு பேரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால் கதை பாதியிலேயே கல்யாணத்தில் முடிந்துவிடும். பேசவே மாட்டார்கள். அதில் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் முடிக்காமல் கீழே வைத்ததில்லை.

என் கணவருக்கு இதெல்லாம் வேர்க்கடலை மடிக்கிற காகிதம். நெல்லித்தோப்பில் எலக்ட்ரிக்கல் கடை நடத்திக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபிறகு கடைக்குப் போவது குறைந்துவிட்டது. நான் என் கிட்னியில் ஒன்றைத் தருகிறேன் என்று முதல் மாதமே சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். மறுபடி கேட்டபோதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

டயாலிசிஸ் அறையில் கூட வந்தவர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்காரலாம். என் கணவர் கையில் ஊசிகளோடு அசையாமல் படுத்திருப்பார், நான் பக்கத்தில் நாவல் படிப்பேன். ஒரு நாள் அறையிலிருந்த டிவி பழுதாகிவிட்டது. கூரையையே பார்த்து அலுத்துப்போனவர், “அப்படி என்னதான் இருக்கு அதுல? சத்தமாப் படி, கேக்கறேன்” என்றார்.

தணிந்த குரலில்தான் படித்தேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவர் அவர். நோய் வந்து உடம்பு இளைத்திருந்தாலும் குரல் இளைக்கவில்லை. எதிர்க் கட்டிலில் ஒரு வயதான அம்மா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவராம். எல்லோரும் அவரை ‘மதாம்’ என்றுதான் கூப்பிடுவோம். வாழ்நாள் முழுக்கப் பிரெஞ்சில் துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தீர்த்தவர். நான் படித்த கதையைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கொலை செய்தது கதையில் வரும் டாக்டர்தான் என்று பாதியிலேயே சொல்லிவிட்டார். அதுவே சரியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த அறை மாறியதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். யாரும் யாருடனும் பேசாமல் மிஷினின் எண்களையே பார்த்துக் கிடந்த இடம் அது. இப்போது நான் உள்ளே நுழைந்ததுமே, கதையில் அந்த மேனேஜர் தப்பித்தானா என்று விசாரிப்பார்கள். நர்ஸ் கூட ஊசி போட வந்த இடத்தில் ஒரு பத்தி முடியும்வரை நின்றுவிட்டுத்தான் போவார்.

துப்பறியும் நாவல்கள் தீர்ந்துபோன ஒரு நாள் காதல் நாவல் ஒன்றை எடுத்துப் போனேன். சுமாரான புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழை. நாயகியின் அப்பா பெயர் நடுவில் மாறிவிடுகிறது. நாயகனுக்கு ஒரு நோய் வருகிறது. அதை அவளிடம் சொல்லாமல், உன்னைப் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறான். இந்த இடம் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். படிப்பதை நிறுத்தி, இந்த முட்டாள்தனத்தை எத்தனை கதையில்தான் எழுதுவார்களோ என்றேன்.

“அவன் செஞ்சது சரிதான்” என்றார் என் கணவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தபடியே இருந்தார்.

“ஒரு ஆளு படுத்தாப் போதும். அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டுமே. அவளையும் சேத்து எதுக்குக் கிழிக்கணும்?”

கதையில் யாரும் யாரையும் கிழிக்கவில்லை. அவர் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று அறையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எனக்குப் பக்கம் தெரியாமல் கண்ணீர் மறைத்தது.

மதாம்தான் முதலில் பேசினார். நாயகன் முடிவெடுக்கும் முன் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டானா என்று, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

பிறகு ஏலக்காரர், நான் கேட்டறியாத ஒரு தணிந்த குரலில் சொன்னார். “தம்பி, என் வீட்டுக்காரியும் கிட்னி குடுக்கறேன்னுதான் சொன்னா. நான் ரோஷமா வேணாம்னுட்டேன். இப்ப அவளுக்குச் சர்க்கரை வந்துடுச்சு. இனி அவ குடுத்தாலும் டாக்டர் எடுக்க மாட்டாரு. அவ அழுவல. அன்னிக்கே வாங்கியிருக்கலாமேன்னு பாக்கறா. அந்தப் பார்வைதான் தம்பி தாங்க முடியல.”

என் கணவர், “மேல படி” என்றார். படித்தேன். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் வந்து ஒரே பக்கத்தில் நோயைத் தீர்த்துவிட்டார். மகா மட்டமான முடிவு. நானும் மதாமும் முகத்தைச் சுளித்தோம். மற்ற எல்லோருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோ சிக்னலில் நின்றது. அப்போதுதான் அவர், “உனக்கு என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்னு நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துடு” என்றார். நான் சரி என்று மட்டும் சொன்னேன். அவர் கையைப் பிடித்தேன். டயாலிசிஸுக்காக இரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்த இடத்தில், தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுவது என் விரல்களுக்குத் தெரிந்தது.

டெஸ்டுகள், அனுமதி, கமிட்டி என்று பல மாதம் ஓடியது. என்னுடையது அவருக்குச் சேரும் என்று டாக்டர் சொன்ன அன்று, அவர் மருத்துவமனை வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அந்தக் காதல் நாவல் நல்ல நாவல் என்று இன்றும் சொல்ல மாட்டேன். அதை எழுதியவர் அவசரத்தில், பிழை திருத்தக்கூட நேரமில்லாமல் எழுதியிருப்பார். அது எங்கே யார் காதில் விழுந்தது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. நாங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேச முடியாத ஒன்றை, வெறும் அட்டை மனிதர்கள் இரண்டு பேர் எங்களுக்காகத் திறந்துவிட்டார்கள். எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அறுவைசிகிச்சை முடிந்து எனக்கு நினைவு வந்தபோது, தியேட்டரில் இருந்த நர்ஸ் ஒருவர் குனிந்து சொன்னார். என்னிடமிருந்து எடுத்த கிட்னியை என் கணவர் உடம்பில் பொருத்தி இரத்த ஓட்டத்தைத் திறந்துவிட்டதும், மேசையில் இருக்கும்போதே சிறுநீர் வரத் தொடங்கிவிட்டதாம். சாம்பல் நிறத்தில் இருந்த கிட்னி கண்ணெதிரே சிவந்ததாம். ஒரு வருஷமாகச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போய்க்கொண்டிருந்த மனிதர். வயிற்றில் வலி கொன்றது. ஆனாலும் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.