சபாபீடத்தில் வைத்த பதில்

எங்கள் எம்.பி. பாராளுமன்றத்தில் மேசையைத் தட்டிய வீடியோ, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள்கள் கூடும் முன்பே எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்துவிட்டது. பெயர் கூப்பிட வந்த கங்காணியும் கையில் போனை வைத்துக்கொண்டுதான் நின்றாராம். மாலையில் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"நம்ம லயத்து பேர சொல்லிட்டாரு புள்ள. அவ்வளவு பெரிய சபையில!"

நானும் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. "இந்த மக்களைச் சாகவிடப் போகிறீர்களா?" என்று கர்ஜிக்கிறார். மேசை அதிர்கிறது. உடனே சினிமா இசை வந்து படம் முடிந்துவிடுகிறது. கேள்வி கேட்டால் பதில் வரவேண்டுமே, அதை யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று என் மனம் அரிக்க ஆரம்பித்தது. அதோடு அவர் கர்ஜித்தபோது அமைச்சரைப் பார்க்கவே இல்லை. கமெராவைப் பார்த்தார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியை. விடைத்தாள் திருத்தித் திருத்தி, எழுதாமல் விட்ட இடம்தான் என் கண்ணில் முதலில் படும்.

"அமைச்சர் என்னம்மா சொன்னாரு?"

"அது யாருக்குடி தெரியும்? ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல!"

அம்மாவுக்கு இது பேச்சு சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கு எங்கள் பின்சுவர் சம்பந்தப்பட்ட விஷயம். அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே நடந்தால், மலையை ஒட்டி வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகள்தான் எங்கள் லயம். போன வருட மழையில் மேலே நிலம் வெடித்து, அடுப்படிச் சுவரில் என் கை நுழையும் அளவுக்குப் பிளவு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போய் இருப்பது என்று அதில் எழுதவில்லை. மழை வலுத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்கே போவோம், விட்டதும் திரும்பி வருவோம். அடுத்த மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

என்னோடு கணிதம் படிப்பிக்கும் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். இடைவேளையில் வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "முழுசாப் பாத்தனீங்களோ டீச்சர்? சபை நடவடிக்கை எல்லாம் இணையத்தில கிடக்குமே" என்றார். அவரே தேடி எடுத்தும் தந்தார்.

மேசையைத் தட்டியதற்குப் பிறகு நடந்தது இதுதான். அமைச்சர் மெதுவாக எழுந்தார். பதில் நீளமானது, அதனால் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன் என்றார். அதாவது பதிலை யாரும் வாசிக்க மாட்டார்கள், தாளை மேசையில் வைத்துவிடுவார்கள். சற்றுமுன் கர்ஜித்த எங்கள் எம்.பி. "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போகும்போது அமைச்சரின் இருக்கையருகே குனிந்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன பேசினார்களோ, யார் கண்டது. அந்தச் சிரிப்பை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

சபைப் பேச்சு முழுவதையும் அச்சிடும் ஹன்சாட் வெளிவந்ததும் அந்தப் பதிலைத் தேடிப் பிடித்தேன். சிங்களத்தில் இருந்தது. மண்சரிவு அபாயமுள்ள அந்த லயத்து மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டார்களா? ஆம். இல்லையெனில் எப்போது வீடு வழங்கப்படும்? அந்தக் கேள்வி எழவில்லை.

மூன்று தடவை வாசித்தேன். பிறகுதான் புரிந்தது. போன மழையில் பள்ளிக்கூடத்தில் தங்கியபோது கிராம சேவகர் ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். பாய்க்கும் அரிசிக்கும் என்று நினைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே நானும்தான் போட்டேன். அந்தத் தாளைத்தான் யாரோ நாங்கள் குடிமாறிவிட்டதாக மேலே அனுப்பியிருக்க வேண்டும். விடைத்தாள் திருத்துகிறவளாம் நான்! வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் எம்.பி. தோட்டத்துக்கு வந்தார். மாலை, மேளம், பட்டாசு எல்லாம் இருந்தது. கூட்டத்துக்குள் புகுந்து ஹன்சாட் பிரதியை நீட்டினேன்.

"சேர், நாங்க போயிட்டோம்னு பதில் குடுத்திருக்காங்க. நீங்க இத வாசிச்சீங்களா?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். "டீச்சர், நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க!" என்று கூட்டம் கத்தியது. கைதட்டல் விழுந்தது. "திரும்பவும் கேப்பேன்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். சங்கத்தின் தோட்டத் தலைவர் என் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டார். அம்மா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நாளில் மானத்தை வாங்கிவிட்டேன் என்று திட்டுவாள் என நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு எனக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டு" என்றாள். வாசித்தேன். அடுப்படிக்குப் போய்ச் சுவர்ப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

மழை வந்தது. மறுபடியும் பாய்களோடு பள்ளிக்கூடம். விடிந்ததும் கிராம சேவகர் அதே மாதிரி ஒரு தாளோடு வந்தார். வரிசையில் அம்மாதான் முதல் ஆள். பேனாவை வாங்கினாள், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"கையெழுத்து இல்லாம அரிசி குடுக்க ஏலாது அம்மா" என்றார் அவர்.

"அரிசி இருக்கட்டுங்க ஐயா. நாங்க மழைக்கு வந்து ஒதுங்கியிருக்கோம், வீடு இன்னும் கெடைக்கலன்னு மேல எழுதுங்க. அப்பறம் போடுறேன்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பசி. எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கிராம சேவகர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். கடைசியில் அலுத்துக்கொண்டே இரண்டு வரி எழுதி நீட்டினார். அம்மா தாளை வாங்கி, அவரிடமிருந்து ஓர் எட்டு விலகி, என் கையில் கொடுத்தாள்.

"முழுசா வாசி. மேல இருந்து."