சா வாரத்தில் நின்ற லாரி

மாடி வீட்டு அனிதா நேற்று மாலை தன் மகளை என்னிடம் தள்ளிவிட்டுப் போனாள். "கொஞ்சம் பாருங்கக்கா, நான் சொல்லிக் குடுத்தா சண்டைக்கு வர்றா." குழந்தை யு.கே.ஜி. படிக்கிறாள். கையில் பள்ளியில் கொடுத்த ஒரு தாள். மேலே பெரிதாக 'சா' என்று அச்சிட்டு, கீழே கட்டங்கள் போட்டிருந்தார்கள். அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களால் கட்டங்களை நிரப்ப வேண்டும்.

நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்காருவதற்குள் அவளே "சார்ஜர்" என்றாள். அடுத்து "சாஸ்". அதற்கடுத்து "சாக்லேட்". தமிழில் சொல்லும்மா என்றேன். "இதெல்லாம் தமிழ்தானே ஆன்ட்டி?" என்று கேட்டாள். தாளின் ஓரத்தில் ஒரு சாவியின் படம் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன். "கார் ரிமோட்" என்றாள்.

எதையாவது தொட்டால் அதன் அடிவரைக்கும் பார்க்காமல் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்துபோய் பீரோச் சாவியை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். "அய்ய, நாறுது" என்று என்னிடமே தந்துவிட்டாள்.

நானும் முகர்ந்து பார்த்தேன். இரும்பும் கைவியர்வையும் கலந்த வாடை. ஒரு முறை அந்த வாடை, சோப்புப் போட்டுக் கழுவியும் ஒரு நாள் முழுக்க என் கையைவிட்டுப் போகவில்லை.

கல்யாணமாகி நான் திருவொற்றியூருக்கு வந்த புதிது அது. கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்ன நர்சரிப் பள்ளி. அதில் நான் டீச்சர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று அறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. ஜன்னல் விளிம்பைக் காலையில் துடைத்தால் மத்தியானம் விரலில் கரி ஒட்டும். காற்று மணலி ஆலைகளின் பக்கமிருந்து அடித்தால் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். கடலிலிருந்து அடித்தால் கருவாட்டு வாசனைக்கு யாரும் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். நான் மதுராந்தகத்துக்காரி. நான் பேசினால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். "மிஸ்ஸு புக்கு மாதிரியே பேசுது" என்று ஒரு வாண்டு என் முகத்துக்கு நேராகவே சொன்னது.

சுவரில் எழுத்து அட்டை தொங்கும். அதில் 'இ'க்கு இலை. பசங்க அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"இலை எங்க மிஸ்ஸு கீது இங்க? இறா கீது. இறாவே போடுங்க."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எங்கள் சந்தில் மரம் கிடையாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாரத்துக்கு ஒரு எழுத்து. வெள்ளிக்கிழமையன்று அந்த எழுத்தில் தொடங்கும் ஏதாவது ஒரு பொருளை ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும். எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லி மேசைமேல் வைக்க வேண்டும். பெரிய மிஸ், அதாவது எங்கள் தலைமையாசிரியை, முதலில் சரியென்று தலையை ஆட்டிவிட்டார். 'ந' வாரத்துக்குப் பிறகு ஒரு நிபந்தனை போட்டார். அந்த வெள்ளிக்கிழமை ஒரு டிபன் பாக்ஸிலிருந்து உயிருள்ள நண்டு இறங்கி பீரோவுக்கு அடியில் போய்விட்டது. ஆயா துடைப்பத்தோடு படுத்துக்கொண்டு தேடினாள். "இனிமே மூச்சு விடற எதுவும் வரக் கூடாது" என்று பெரிய மிஸ் அறிவித்தார்.

'சா' வாரத்துக்கு நான் சாக்குப்பை, சாம்பிராணி, சாந்துப்பொட்டு என்றெல்லாம் மனசுக்குள் எதிர்பார்த்து வைத்திருந்தேன். ஆனால் காலையில் தலைவாரி, டப்பா கட்டி, அழுகிற பிள்ளையைக் கிளப்பும் வீட்டில் யாருக்குச் சாம்பிராணி ஞாபகம் வரும்? வாசல் ஆணியில் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குவது சாவி. முதல் குழந்தை சாவி என்றது. இரண்டாவதும் சாவி. பிறகு சைக்கிள் சாவி, டிரங்குப் பெட்டிச் சாவி, வெள்ளிக் கொக்கி போட்ட பீரோச் சாவி, எதற்கென்றே தெரியாத துருப்பிடித்த சாவி. கடைசியில் ஒரே ஒருவன் சாம்பிராணி கொண்டு வந்திருந்தான். தன்னிடம் மட்டும் சாவி இல்லையே என்று அவன் அழுத அழுகையை நிறுத்த ஆயா வர வேண்டியிருந்தது.

எனக்கோ குவியலைப் பார்த்தால் கை பரபரக்கும். சணல் கயிறு எடுத்து, சிறியதிலிருந்து பெரியது வரை அளவு பார்த்து, ஒவ்வொன்றுக்கும் முடிச்சுப் போட்டு, கரும்பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தோரணமாகக் கட்டினேன். பார்க்க அழகாகவே இருந்தது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

தேன்மொழி மட்டும் தன் சாவியைத் தரவில்லை. லாரி டிரைவர் முனுசாமியின் மகள். "சாவி" என்று உரக்கச் சொல்லி எல்லோருக்கும் காட்டினாள். நான் கையை நீட்டியதும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நீளமான, கறுப்புத் தலை வைத்த சாவி. வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சில குழந்தைகளுக்குத் தங்கள் பொருள் கையிலேயே இருக்க வேண்டும்.

இங்கே அந்தக் காலத்து லாரி வரிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்ணூர்ப் பக்கமிருந்து ராயபுரம் பக்கத்துத் துறைமுக கேட் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு லாரி உள்ளே போனால் மொத்த வரிசையும் ஒரு லாரி நீளம் நகரும். சில சமயம் நாள்கணக்கில் அதுவும் நகராது. டிரைவர்கள் லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். பஸ்ஸில் போகிற நாங்கள் எல்லோரும் அந்த வரிசையைத் திட்டுவோம். உள்ளூர் டிரைவருக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. வரிசை தன் தெருப் பக்கம் வந்து நின்றால், கிளீனரைக் காவல் வைத்துவிட்டு இறங்கி நடந்து வீட்டுக்குப் போகலாம். முனுசாமியும் அப்படித்தான் முந்தின நாள் வீட்டுக்கு வந்து, லாரிச் சாவியை வாசல் ஆணியில் மாட்டியிருந்தார்.

பத்து மணிக்குமேல் தெரு எங்கள் பள்ளிக்குள் வர ஆரம்பித்தது.

முதலில் முனைக் கடை அண்ணாச்சி. "ஏம்மா டீச்சர், எங்க புள்ள கல்லாப்பெட்டிச் சாவியத் தூக்கிட்டு வந்துட்டான்லா? சில்லறை இல்லாம யாவாரம் அப்படியே நிக்கி!" அவருக்குப் பின்னால் மீன்கூடையோடு ஒரு அம்மாள். "வூட்டப் பூட்டிக்கினு காசிமேட்டுக்கு மீனெடுக்கப் போனேன், சாவி எங்கியோ வுழுந்துட்சி. இன்னொரு சாவியாவது ஆணில கீதான்னு பாத்தா, அதயும் எம் பொண்ணு எடுத்தாந்துட்சி. மீனு வெயில்ல காயுது மிஸ்ஸு." ஸ்கூட்டர்காரர் ஒருவர் தோரணத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மிஸ்ஸு, ஸ்கூலா சாவிக் கடையா?" என்றார். நான் போட்ட முடிச்சுகள் நல்ல முடிச்சுகள். ஒன்றும் அவிழவில்லை. ஆயா பல்லால் கடித்தாள். அண்ணாச்சி கடைக்கு ஓடிப்போய்க் கத்தி கொண்டு வந்தார். வந்தவர்கள் தங்கள் சாவியைத் தாங்களே தேட, சரியான சாவி கையில் வந்ததும் குழந்தைகள் ஒரே குரலில் "சாஆஆவி" என்று கத்தின. பெரிய மிஸ் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அப்போதுதான் சாலையிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, வரிசை முழுக்க.

முனுசாமி ஓடி வந்தார். பாதிக் குளியலில் கிளம்பியிருக்க வேண்டும். காதோரம் சோப்பு நுரை, இடுப்பில் ஈர லுங்கி, செருப்பில்லாத கால்.

"மிஸ்ஸு, லைன் வுட்டுட்டான்! வண்டிச் சாவியக் காணோம். பாப்பா எடுத்தாந்துச்சா?"

கயிற்றில் மிச்சமிருந்தவற்றைப் படபடவென்று புரட்டினார். எனக்கு நினைவு வந்தது. தேன்மொழியைப் பார்த்தேன். பெஞ்சில் சுவரோரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் பாவாடைக்குள்.

"குடு கண்ணு" என்றார் முனுசாமி.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"வெளயாடாத. முன்னாடி வண்டி போயிட்சி. மத்தியானத்துக்குள்ள கேட்டுக்குள்ள போவலன்னா கப்பல் கெளம்பிடும்." பிறகு என்னிடம் திரும்பினார். சின்னக் குரலில், ஏதோ நான்தான் முடிவு செய்ய வேண்டியவள் போலச் சொன்னார். "போன லோடு கப்பல வுட்டுட்சி மிஸ்ஸு. இதயும் வுட்டியானா சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயிடுன்னு ஓனர் சொல்லிகீறாரு."

தேன்மொழி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டு வூட்டுக்கு வந்துடு நைனா" என்றாள்.

வெளியே ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. முனுசாமி அவள் முன்னால் தரையில் குந்தினார்.

"வூட்ல குந்திகினா சோறு யாரு போடுவா?"

"அம்மா" என்றாள். குழந்தைகள் எல்லாம் சிரித்தன. மீன்கார அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள். தேன்மொழி சிரிக்கவில்லை. "சாவி இல்லன்னா வண்டி போவாது. வண்டி போவலன்னா நீ வூட்ல இருப்ப. நேத்து இருந்தல்ல?"

அவர் ஒரே பிடியில் அதைப் பிடுங்கியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். நானே அந்தக் கையை விரிக்கத்தான் எழுந்தேன். அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அவள் முழங்காலில் வைத்தார்.

"சரி. நான் எடுக்கல. சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நீயே வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் குடு. வர்றியா?"

அவள் சாவியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைகளை நீட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சாவி அப்போதும் விரல்களுக்குள்.

பெரிய மிஸ் என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போ. குழந்தை இல்லாம இந்தப் பக்கம் வராதே" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடினேன். முனுசாமியின் லாரிக்கு முன்னால் நீளமாக வெற்றுச் சாலை. அதில் இன்னும் யாரும் புகுந்துவிடாமலிருந்ததற்குக் காரணம் பின்னால் நின்ற லாரிக்காரர். நாமக்கல்காரர். தன் வண்டியின் மூக்கைக் குறுக்கே திருப்பி நிறுத்திக்கொண்டு, பின்னாலிருப்பவர்களின் ஹாரனையெல்லாம் முதுகில் வாங்கிக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு ஒரு ஆள், இடுப்பில் குழந்தை, பின்னால் மூச்சிரைக்க ஒரு டீச்சர் என்று எங்களைப் பார்த்ததும், "ஏனுங்ணா, வண்டி எடுக்கச் சொன்னா கல்யாண ஊர்வலமே கூட்டியாறீங்க?" என்றார்.

லாரியில் ஏற எங்கே கால் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கிளீனர் மேலிருந்து இழுத்தான்; கீழிருந்து நாமக்கல்காரர் யோசனை சொன்னார். மேலே போய் விழுந்தேன். தேன்மொழி அப்பாவின் மடியில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, இரண்டு கையாலும் திருகினாள். வண்டி உடம்பெல்லாம் நடுங்கி எழுந்தது. அவள் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து என் மடிக்கு வந்துவிட்டாள்.

டோல்கேட் தாண்டும் வரை போனோம். அங்கே வரிசை மறுபடி நின்றது. முனுசாமி எங்களை இறக்கிவிட்டார்.

"எப்ப வருவ?" என்று கீழே நின்று கேட்டாள்.

"தெரியாது கண்ணு. இன்னிக்கு உள்ள போயிட்டன்னா லோடு எறக்கிட்டு அப்டியே வேற ஊருக்குப் போவணும்."

"எங்கனா நின்னுட்டின்னா?"

"நின்னா வர்றேன்."

அன்று மத்தியானம் அவர் வண்டி கேட்டுக்குள் போய்விட்டது. வேலை தப்பியது. பள்ளியே அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது, ஒருத்தியைத் தவிர. என் டைரியில் அந்தத் தேதியில் "சா வாரம் முடிந்தது. சத்தம் அதிகம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் 'சி'. சிப்பி கொண்டு வாருங்கள் என்று நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. சந்து நுழையும் இடத்திலேயே அடுக்குமாடி வந்துவிட்டது. லாரி வரிசையும் இல்லை. சாலையை அகலப்படுத்தினார்கள், கேட்டில் ஏதேதோ மாற்றினார்கள். கன்டெய்னர்கள் இப்போது வந்த வேகத்தில் உள்ளே போகின்றன. நாங்கள் கேட்டதும் அதைத்தானே. பஸ் எங்கேயும் நிற்காமல் ராயபுரம் போய்ச் சேர்ந்த முதல் நாள், கண்டக்டர் உட்பட எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அதற்குச் சில வருடம் கழித்து மருந்துக் கடையில் முனுசாமியைப் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது. தேன்மொழி பன்னிரண்டாவது படிப்பதாகச் சொன்னார். வேலை எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாக் கீது மிஸ்ஸு. ஓட்டிகினே இருக்க வேண்டியதுதான், ட்ரிப்பு ஜாஸ்தி. டெய்லி வூட்டாண்டயேதான் போறேன் வர்றேன்." மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நிறுத்த முடியாது. பின்னாடி வண்டிக்காரன் வந்துகினே இருப்பான்."

சாயங்காலங்களில் நான் அந்தப் பக்கம் நடக்கப் போவதுண்டு. முன்பு அந்த நேரத்தில், நின்றுகொண்டிருக்கும் லாரிகளின் ஓரமாக, தோளில் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆண்கள் ஊருக்குள் நடந்து வருவார்கள். சந்து முனையில் குழந்தைகள் கூட்டமாக நிற்கும். தங்கள் ஆளைக் கண்டுகொண்டது மட்டும் கத்திக்கொண்டு ஓடும். இப்போது சாலை நன்றாக இருக்கிறது. அதில் யாரும் இறங்குவதில்லை.