பூப் பார்க்க நின்ற பஸ்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் வேலணை தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற வீதியில் எங்கள் வீடு. நயினாதீவுக்குப் போகிற சனமெல்லாம் எங்கள் படலையைக் கடந்துதான் போகும். அம்மனிடம் போகிறவர்களும் புத்த விகாரைக்குப் போகிற தென்பகுதிச் சிங்களவரும் காலையில் வாகனம் வாகனமாய்ப் போய்ப் பின்னேரம் திரும்புவார்கள். ஒருவரும் இறங்குவதில்லை. இறங்கிப் பார்க்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆளில்லாத வளவுகள், பனைகள், உவர் பூத்த தரவை வெளி, அவ்வளவுதான்.

எங்கள் மாதர் சங்கத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊருக்கே அவர் ரீச்சர். பிரதேச செயலகத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்தவர், வீதியோரம் முழுக்கப் பூ நடவேண்டும் என்றார். பூவைக் கண்டால் வாகனங்கள் நிற்கும், நின்றால் பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் பனங்கட்டியும் வாங்குவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

"ரோசாவும் குரோட்டனும் வைச்சால் ஆர் தண்ணி ஊத்துறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரோசா வேண்டாம். தன்பாட்டில முளைக்கிறதை நடுவம். பட்டிப்பூ, ஆவரசு. கடற்கரையில அடம்பன் கொடி கிடக்கு. அதுகள் இந்த உவருக்குப் பழகினதுகள்."

"அப்ப நெருஞ்சியையும் நடுவம். அதுவும் மஞ்சளாய்த்தானே பூக்குது."

எல்லோரும் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை.

நான் சம்மதித்தது பூவின் மேல் ஆசையில் அல்ல. அதற்கு முந்தைய வருடம் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. வலப்பக்கம் வழங்காது, பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். தூக்கி இருத்துவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் நான்தான். படலைக்கு வெளியே கொஞ்சநேரம் நிற்கலாம், அவர் சத்தம் போட்டால் கேட்கும் தூரம்தானே என்று நினைத்தேன்.

மாரி மழையோடு நடத் தொடங்கினோம். அலவாங்கு போட்டுத்தான் அந்தக் கல்லுமண்ணைக் கிளப்பவேண்டும். பட்டிப்பூவைக் கட்டாக்காலி மாடுகள் தின்னாது, ஆனால் மிதிக்கும். காவோலையும் முள்ளும் போட்டு மறித்தோம். மழை நின்றபின் கிணற்றுத் தண்ணீரை வாளியில் சுமந்தோம். முதலில் நிறையப் பேர் வந்தார்கள். பிறகு ரீச்சரும் நானும் இன்னும் இரண்டொருத்தரும் என்றாகிவிட்டது. தையில் வெள்ளையும் ரோசாநிறமுமாகப் பட்டிப்பூ பூத்தது, பின்னால் ஆவரசு மஞ்சளாய் நின்றது. வாகனங்கள் கொஞ்சம் மெதுவாகப் போயின. யன்னலால் கைத்தொலைபேசியை நீட்டிப் படமெடுத்தார்கள். நிற்கவில்லை.

அந்த நாட்களில் என் கணவருக்கு ஒரேயொரு சொல் திரும்பியிருந்தது. "என்ன." விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, வீதியால் ஆர் போனாலும், நான் குசினியிலிருந்து வெளியே வந்தாலும், "என்ன... என்ன..." என்பார். "ஒண்டுமில்லை, சும்மா இருங்கோ" என்பேன். கொஞ்சநேரத்தில் திரும்பவும் கேட்பார். ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் மறுமொழி சொல்வது? சில நேரம் பேசாமல் போய்விடுவேன்.

அவர் இளவயதில் தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். இனக்கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்தாராம். அதற்குப் பிறகுதான் நான் கரம்பொன்னிலிருந்து இந்த வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்தேன். அந்தக் கடையைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் மறித்துச் சிங்களத்தில் கேட்டாலும் தமிழில்தான் மறுமொழி சொல்வார். அவருக்கு அந்தப் பாஷை தெரியும் என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

மாசியில் ஒரு பின்னேரம், விகாரைக்குப் போய்த் திரும்பிய பஸ் ஒன்று எங்கள் படலைக்கு நேரே நின்றது. வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் இறங்கிப் பூக்களுக்கு நடுவே நின்று படமெடுத்தார்கள். ஓடிப்போய் ரீச்சருக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. அதற்குள் சாரதி படலையடிக்கு வந்தார், மலையகத் தமிழர்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இவங்கள்ல கொஞ்ச பேருக்கு டொய்லட் போகணும்."

வரச்சொன்னேன். வேறென்ன சொல்வது? அவர்கள் வரிசையாக விறாந்தையால் வந்தார்கள். இவர் தலையை நிமிர்த்தி, "என்ன, என்ன" என்று தொடங்கினார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

"சுகமில்லாத மனுசன். ஆரைக் கண்டாலும் என்ன, என்ன எண்டு கேப்பார். குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சாரதி அவருக்குக் கிட்டப் போய்க் காதுகொடுத்தார்.

"கேக்கலம்மா, கூப்பிடுறாரு. சிங்களத்துல 'என்ன'ன்னா 'வாங்க'."

என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவர் மறுமொழி சொன்னார். ஒரு சொல் அல்ல, இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து, திக்கித் திக்கி. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கடைக்குள் வருகிறவர்களோடு கதைக்கிற குரல் அப்படித்தான் இருந்திருக்கும்.

"உக்காரச் சொல்றாரு. தேத்தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்குறாரு" என்றார் சாரதி.

இவர் தன் கடை இருந்த பட்டினத்தின் பெயரைச் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது, தன் தாயின் ஊர் அதற்குப் பக்கம் என்றாளாம். பிறகு இவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் குனிந்துகொண்டாள்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"கடைக்கதவப் பத்தி ஏதோ... சரியா விளங்கலம்மா" என்று சாரதி வீதியைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது என்று எனக்குத் தெரிந்தது. நான் திரும்பக் கேட்கவில்லை.

பவுசர் லொறியில் வந்ததைப் பிடித்துக் குடத்தில் வைத்திருந்த நல்ல தண்ணீரில் தேத்தண்ணி போட்டேன். அவள் குடித்துவிட்டு, அவருடைய வழங்காத கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பினாள்.

பஸ் போனபின் கிணற்றில் அள்ளிக் கழிப்பறையைக் கழுவினேன். பிறகு குசினி வாசலில் இருந்தேன். இவ்வளவு காலமும் என்னை வா, வா என்றாரா, அல்லது என்னையும் கடைக்கு வந்த ஆளாக நினைத்தாரா? தெரியவில்லை. அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

சாரதிமாருக்குள் கதை பரவியிருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சனி ஞாயிறும் பஸ்கள் நின்றன. ஒடியல் விற்றது, ரீச்சருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எல்லோருக்கும் கழிப்பறை எங்கள் வீட்டில்தான். இவர் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். சிலர் நின்று கதைத்தார்கள், பலர் பார்க்காமலே போனார்கள்.

"எனக்கு இனி ஏலாது ரீச்சர்" என்றேன் ஒருநாள்.

"நீர்தானே வீதிக்குக் கிட்ட இருக்கிறீர். அவருக்கும் பொழுது போகுதே."

"ஓம், அவருக்குப் போகுது. எனக்குத் தண்ணி அள்ளவேண்டிக் கிடக்கு."

 அடுத்த கிழமை ரீச்சர் சனசமூக நிலையத்துக் கழிப்பறையைத் திறந்து, தண்ணீர்த் தாங்கியும் வைப்பித்தார். பஸ்கள் அங்கே நிற்கத் தொடங்கின. எங்கள் விறாந்தைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. என் கணவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாயிருந்தது, ஆனாலும் திரும்பப் போய்ச் சனத்தைக் கூட்டிவர உடம்பில் பலமில்லை.

கனடாவிலிருக்கிற மகள், அப்பா கதைப்பதைப் பதிந்து அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். தன்னோடு வேலைசெய்கிற சிங்களப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினாளாம். "சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் எண்டு சாமான்களின்ர பேர்தானாம் அம்மா. வேறொண்டும் இல்லையாம்" என்றாள்.

சோளகக் காற்றுத் தொடங்கியதும் பட்டிப்பூ கருகிப்போனது. ஆவரசு மட்டும் புழுதி பிடித்து நின்றது.

போன கிழமை திரும்பவும் சங்கக் கூட்டம். மழைக்கு முன் நடவேண்டும் என்றார் ரீச்சர். முழங்கால் வருத்தத்தில் அவரே கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆர் தண்ணி ஊத்துவது என்று கேட்டதும் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"எங்கட படலையிலிருந்து மதகு வரைக்கும் நான் பாக்கிறன்" என்றேன். "அதுக்கங்கால ஏலாது."

"அது போதும்" என்றார் ரீச்சர்.

வீட்டுக்கு வந்து, விறாந்தையிலிருந்து "என்ன" என்றவருக்கு "வாறன்" என்று சொல்லிவிட்டு உலை வைத்தேன்.