அக்கா வீட்டு அலாரம்

என் நாட்குறிப்பில் தலைவலிக்கு ஓர் அடையாளம் உண்டு. பக்க ஓரத்தில் சின்ன வட்டம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் முற்றிவிட்டது: மழை, கார் டயருக்குக் காற்று அடித்தது, வீட்டுக்கு வந்தவர்கள், விழுங்கிய மாத்திரை. போன ஆண்டுக் குறிப்பை ஒருநாள் சும்மா புரட்டியபோதுதான் கவனித்தேன். வட்டம் போட்ட நாட்களில் முக்கால்வாசி வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றிலும் ‘அக்கா வீடு’ என்று எழுதியிருந்தது. அக்கா வீட்டுக்கு மற்ற கிழமைகளிலும் போயிருக்கிறேன். அந்த நாட்களில் வட்டம் இல்லை.

அதுவரை அக்கா போடும் தேநீரின் கடுப்புதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

அக்கா சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறாள். ரப்பர் தோட்டம் கைமாறியபோது தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. மகன் சிங்கப்பூரில். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தூபக்காலில் கொட்டாங்கச்சிக் கரியைக் கனலவைத்து, சாம்பிராணி தூவி, வீடு முழுக்கக் காட்டுவாள். கடைசியில் படுக்கையறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்திவிடுவாள். புகை நிற்க வேண்டும், கொசு சாக வேண்டும். கரியைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது, தானாகத்தான் அணைய வேண்டும். தோட்டத்து லயத்தில் குடியிருந்தபோதும் இதையேதான் செய்தாள். ஆனால் லயத்து வீட்டில் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஒரு முழம் திறந்து கிடக்கும். இந்த வீட்டில் சீலிங் உண்டு. ஏர்கோன் போட்ட அன்று மகன் இடுக்குகளையெல்லாம் வேறு அடைத்துவிட்டுப் போனான்.

கரி எரியும் அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. நிறமில்லை, வாசனையில்லை. அக்காவிடம் சொன்னேன்.

“நாறாத கேஸு என்னா கேஸு?” என்றாள். “அம்பது வருசமா போடுறேன். செத்தா போயிட்டேன்?”

“அப்ப வேற வீடு, அக்கா.”

“சாமி அதே சாமிதானே லா.”

சாம்பிராணியை நிறுத்தவைக்க என்னால் முடியாது என்று அன்றே தெரிந்துவிட்டது. ஒரு கருவி வாங்கி மாட்டலாம் என்று முடிவு செய்தேன்.

ஈப்போவில் மின்பொருள் கடைகளுக்கு ஏறி இறங்கினேன். முதல் கடையின் முதலாளி, ஒரு சீனத் தவுக்கே, ‘அண்ணே’ என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதையெல்லாம் மலாயில் பேசி, கேஸ் அலாரம் ஒன்றை எடுத்து வைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சிறிய எழுத்துகளைப் படித்தேன். அது சமையல் கேஸ் கசிந்தால் அடிப்பது. இரண்டாவது கடையில் கொடுத்தது புகைக்கு அடிப்பது. இரண்டுமே கார்பன் மோனாக்சைடை அறியாது. கடைசியில் இணையத்தில் வரவழைத்தேன். உறையில் வாயுவின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும், தர முத்திரை இருக்க வேண்டும், மின்சாரம் போனாலும் ஓட பேட்டரி வேண்டும், அளவை எண்ணில் காட்டும் சிறு திரை இருந்தால் நல்லது. உள்ளே இருக்கும் உணரிக்கும் ஆயுள் உண்டு. அது முடிந்தால் பெட்டி புதிதாகத் தெரிந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். கருவியின் முதுகில் பொருத்திய நாளையும் மாற்ற வேண்டிய நாளையும் அழியாத மையில் எழுதினேன். எனக்குப் பிடித்த வேலை அது.

அக்காவுக்காக ஒரு தாளில் பெரிய எழுத்தில் பதினொரு குறிப்புகள் எழுதி, கருவிக்குக் கீழே ஒட்டினேன். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்தவும். அதன்மேல் துணி போடக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சென்றால் பேட்டரி தீர்ந்தது என்று பொருள். நான்கு நான்காக அடித்தால் ஆபத்து. இப்படிப் பதினொன்று.

“இது என்னா?” என்று அக்கா கேட்டாள்.

“அலாரம்,” என்றேன்.

“அதுவும் நல்லதுதான். மூலை வீட்டுல போன மாசம் திருடன் பூந்துட்டான்.”

நான் ஏணியில் நின்று திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது காதில் விழுந்தது. மனதுக்குள் போகவில்லை.

இரண்டு வெள்ளி என்னால் போக முடியவில்லை. மூன்றாம் வெள்ளி, விளக்கு வைக்கும் நேரம், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் என் வீட்டில் இருந்தேன். அக்கா அழைத்தாள். பின்னால் கருவி அடித்துக்கொண்டிருந்தது. நான்கு, ஓர் இடைவெளி, மறுபடி நான்கு.

“தம்பி, அலாரம் அடிக்குது,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “எவனோ வந்துட்டான். நீ பயப்படாத. வாசல் கிரில்ல பூட்டிட்டேன். ஜன்னலெல்லாம் சாத்திட்டேன். ரூமுக்குள்ள வந்து தாப்பா போட்டுட்டேன்.”

“அக்கா, தூபக்கால் எங்க?”

“இங்கதான் இருக்கு, நல்ல வேள. உள்ள வந்தான்னா மூஞ்சில கொட்டிருவேன்.”

“அக்கா, கதவத் தொற. ஜன்னலத் தொற. வெளிய போ.”

“திருடன் வந்துருக்கான்ங்கிறேன், தொறங்கிறியே. நீ படிச்சவந்தானா?”

“திருடன் இல்லக்கா, அது கேஸு.”

“கேஸ அப்பவே மூடிட்டேன்.”

எங்கள் பேச்சில் கேஸ் என்றால் சமையல் சிலிண்டர். அலாரம் என்றால் திருடன். என்னிடம் இருந்தவை அந்த இரண்டு சொற்கள்தான். இரண்டும் அவளை உள்ளேயே உட்காரவைத்தன.

“தல சுத்துது தம்பி. கிரில்ல போட்டு ஆட்டுறானுங்க, கேக்குதா?” என்றாள். “கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்.”

அதன் பிறகு அவள் பேசவில்லை. கைப்பேசி அணையவில்லை. நான்கு, இடைவெளி, நான்கு. என் மனைவி தன் கைப்பேசியில் அவசர உதவியை அழைத்து, அக்காவின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் நோட்டுப் புத்தகத்தில் டயர் கடையின் எண் இருந்தது, நூலகத்தின் எண் இருந்தது. அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டு எண் இல்லை. காரில் ஓடினாலும் அரை மணி நேரம். கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அழைப்பு அறுந்துவிடுமோ என்று நின்ற இடத்திலேயே நின்றேன். ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், வயதான பெண்களை மலாயில் அழைக்கும் விதமாக, “மாக்சிக், மாக்சிக்,” என்று கூப்பிட்டது.

எதிர்வீட்டு லோரி டிரைவர் அவர். அலாரம் கேட்டுத் திருடன் என்று நினைத்து, கட்டையோடும் இரும்புக் கம்பியோடும் அக்கம்பக்கம் ஓடி வந்திருக்கிறது. கிரிலை ஆட்டியவர்கள் அவர்கள்தான். டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, கட்டிலோரம் சரிந்து கிடந்தவளைக் கண்டு, கம்பியால் கண்ணாடியை உடைத்துவிட்டார்.

அக்கா இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் கரியைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்: “அந்தச் சத்தத்துலதான் எனக்கு மயக்கம் வந்துச்சு தம்பி. கொஞ்சம் மெதுவா அடிக்கிற மாதிரி வாங்கக் கூடாதா?”

நான் ஒட்டிய தாளை எடுத்துப் பார்த்தேன். பதினொரு குறிப்புகளில் எதிலும், அடித்தால் வெளியே போ என்று இல்லை. அதைக்கூடவா எழுத வேண்டும் என்று நினைத்திருப்பேன். சிவப்பு மையில் மேலே எழுதினேன்: கதவைத் திற. வெளியே போ.

அடுத்த முறை போனபோது கருவி படுக்கையறையில் இல்லை. வாசல் தூணில் தொங்கியது, தாளோடு சேர்த்து. “இங்கன்னா எல்லாருக்கும் நல்லாக் கேக்கும். கண்ணாடிய ஒடைக்க வேணாம்,” என்றாள். கழற்றி மறுபடி அறையில் மாட்டினேன். அதற்கடுத்த முறை தூணில் இருந்தது. மறுபடி மாட்டினேன். இரண்டு முறையையும் குறித்துவைத்திருக்கிறேன்.

இப்போது ஓர் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அவள் சாம்பிராணி போட்டதும் நான் அழைப்பேன். கரி அணையும்வரை அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னோடு பேச வேண்டும். சரி என்று ஒப்புக்கொண்டாள்.

“எங்கக்கா இருக்க?”

“வெளியதான்.”

கொசு கடிக்கிறது என்று அவள் முனகினால் கொஞ்சம் நம்புகிறேன். சாலையில் லோரி போகும் இரைச்சல் கேட்டால் முழுதாக நம்புகிறேன். போன வெள்ளி இருபது நிமிடம் பேசினோம். ஒரு லோரிகூடப் போகவில்லை. எங்கே இருக்கிறாய் என்று நான்காவது முறை கேட்டபோது அவள் சிரித்தாள்.

“வெளியதான்டா. சொன்னா நம்ப மாட்டியா?”

காதில் கைப்பேசியை அழுத்திக்கொண்டு ஒரு லோரிக்காகக் காத்திருந்தேன்.