முன்பு தைத்த அதே கை

தலையை ஒரு டிரங்குப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு, முட்டி போட்டு, கையில் டார்ச்சோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை நீங்கள் கழித்ததுண்டா? நான் கழித்தேன். போன மாதம்.

"உள்ளே அப்படி என்ன புதையலா இருக்கு? வெளியே வாங்க, சாம்பார் ஆறுது" என்றாள் என் மனைவி மீரா.

"புதையல்தான்! அயோவாவில ஒரு ஆள் பன்றியைத் தொலைச்சிருக்கார்!"

மீரா அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். இருபது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். இதற்கெல்லாம் அசர மாட்டாள்.

விஷயம் இதுதான். கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஞாயிறு தோறும் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய சாமான் விற்பார்கள். கம்பளிகளைப் போட்டு வைக்க ஒரு பெட்டி வாங்கினோம். தன் குடும்பத்தில் யாரோ ஒருவர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்றாள் விற்ற பெண். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால்... உள்பக்கம் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது!

அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோள வயல்களுக்கு நடுவே ஏதோ ஒரு சின்ன ஊரின் பத்திரிகை. ஊரின் பெயரைப் பசை தின்றுவிட்டது. அயோவா என்ற மாநிலப் பெயர் மட்டும் மிச்சம். தேதி இருந்த மூலையும் இல்லை. ஆனால் ஒரே பக்கத்தில் குதிரை வண்டியும் விற்கிறார்கள், மோட்டார் காரும் விற்கிறார்கள். அதை வைத்துக் காலத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் விளம்பரங்கள். அதுவும் எப்படிப்பட்ட விளம்பரங்கள்!

மளிகைக்கடைக்காரர் எழுதுகிறார்: முட்டையும் வெண்ணெயும் கொண்டு வாருங்கள், சர்க்கரையும் துணியும் எடுத்துப்போங்கள். முட்டை அன்றைக்கு இட்டதாக இருக்கட்டும். போன வாரம் கூழ்முட்டை கொண்டுவந்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியும்!

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? அந்த ஆள் அந்த வாரம் தெருப்பக்கமே வந்திருக்க மாட்டார்.

இன்னொருவர் கட்டில் செய்கிறார், தொட்டில் செய்கிறார், அதே பட்டறையில் சவப்பெட்டியும் செய்கிறார். மூன்றையும் ஒரே கட்டத்தில், ஒரே எழுத்தில் போட்டிருக்கிறார். பல் வைத்தியர் ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் ஓட்டல் மாடிக்கு வருவாராம். வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கவும். சோள விதை விற்கும் விவசாயி, "என் விதையைப் பார்க்காதீர்கள், என் வயலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்" என்று வழி சொல்கிறார். பிறகு அந்தப் பன்றி. இடது காதில் வெட்டு இருக்குமாம். கண்டவர்கள் வீட்டுப்பக்கம் திருப்பிவிட்டால் போதும், மிச்ச வழி அதற்கே தெரியும்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஃபோனில் ஒரு நாளைக்கு எத்தனை விளம்பரம் வந்து விழுகிறது? ஒரு ஷூ வாங்கினால் மூன்று வாரத்துக்கு ஷூவாக வருகிறது. அனுப்புகிறவனுக்கு என் முகம் தெரியாது. எனக்கு அவன் முகம் தெரியாது. அந்த ஊரில் அப்படியா? விளம்பரம் கொடுத்தவரும் படித்தவரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டும். பொய் சொல்லிவிட்டு எங்கே ஓடுவது?

மூடியின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். குதிரைச் சேணம் தைக்கும் கடை. நான் தமிழில் சொல்கிறேன்:

"என் கணவர் காலமானார். கடை திறந்திருக்கிறது. முன்பு தைத்த அதே கை இப்போதும் தைக்கும். சந்தேகப்படுகிறவர்கள் இங்கே வாங்கிய பழைய சேணத்தைக் கொண்டுவந்து புதிய தையலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திருமதி லார்சன்."

ஆஹா, என்ன தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு சரி. எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு சாம்பாருக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மீன் வாங்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் மணியண்ணை கடையைத் தெரியாத தமிழர் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர். பதினோரு வருஷமாக நடக்கும் கடை. ஒரே மீனை நான் வஞ்சிரம் என்பேன், அவர் அறக்குளா என்பார். இதை வைத்தே பத்து நிமிஷம் சண்டை போடுவோம். போன குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது அவர் மனைவி வதனி தனியாக நடத்துகிறார். விடிவதற்கு முன்னால் மொத்தச் சந்தைக்குப் போய் மீன் எடுத்து வருவதும் அவர்தான்.

முன்பெல்லாம் சனிக்கிழமை அந்தக் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு மொத்தமே இரண்டு பேர். எனக்கு முன்னால் இராசரத்தினம் என்ற பெரியவர். ஹவுன்ஸ்லோவிலிருந்து இரண்டு பஸ், ஒரு ரயில் மாறி வருகிறவர்.

"பிள்ளை, விளைமீன் நல்லாத்தான் இருக்குது. வெட்டுறதுக்கு ஆரும் ஆள் வச்சிருக்கிறியோ?"

"நான் வெட்டித் தாறன் ஐயா."

பெரியவர் மீனைப் பார்த்தார், வதனியைப் பார்த்தார். "மணியம் வெட்டினால் முள்ளும் சதையும் தனித்தனியா நிக்கும். அந்தக் கை ஆருக்கு வரும்? பரவாயில்லை பிள்ளை... நான் பிறகு வாறன்."

போய்விட்டார். அவ்வளவு தூரம் வந்து, வெறும் பையோடு!

வதனி ஐஸ்கட்டிகளை மீன் மேல் அள்ளிப் போட்டார். பிறகு, "எல்லாரும் இப்பிடித்தான் அண்ணை. பக்கத்து ஃபோன் கடைக்காரர் இந்தக் கடையையும் சேர்த்து எடுக்கப்போறாராம். மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லோணும். குடுத்துப்போட்டு எங்கையாவது ஷிப்ட் வேலைக்குப் போவம் எண்டு யோசிக்கிறன்" என்றார்.

என்ன சொல்வதென்று தெரியாத நேரத்தில் ஃபோனை எடுப்பது நம் காலத்து வழக்கம் இல்லையா? எடுத்தேன். டிரங்குப் பெட்டிக் கதையைச் சொல்லி, பன்றி விளம்பரத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தார். கூழ்முட்டைக்கும் சிரித்தார். அந்த வேகத்தில் சேணக் கடை விளம்பரத்தையும் தமிழில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது... கணவனை இழந்தவரிடம் போய் இதையா படிப்பது!

"அண்ணை, அதைத் திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன். முன்பு தைத்த அதே கை இப்போதும் தைக்கும்.

"அப்ப முந்தியும் அவதான் தைச்சிருக்கிறா" என்றார் வதனி.

"யாரு?"

"அந்த மனுசிதான். பழைய சேணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில வச்சுப் பாருங்கோ எண்டு ஏன் சொல்லுறா? அதையும் அவதான் தைச்சவா. மனுசன் முன்னுக்கு நிண்டு வித்திருப்பார்."

நான் அந்த விளம்பரத்தை அதுவரை பத்துத் தடவையாவது படித்திருப்பேன். வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் வேறு! எனக்குத் தட்டவே இல்லை. இரண்டாவது தடவையிலேயே உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"எப்பிடியோ?" வதனி கத்தியை எடுத்து, தட்டில் கிடந்த விளைமீனைத் தன் பக்கம் இழுத்தார். "முதல் நாள் தொடக்கம் இந்தக் கடையில மீன் வெட்டினது நான் அண்ணை. அவருக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுத்தும்."

"மணியண்ணைக்கா?"

"ஓம்! கடை திறந்த அண்டைக்கு ஒரு பாரையை வெட்டப்போய், அப்பிடியே சுவரில சாஞ்சிட்டார். பிறகு நான்தான். அவர் ஓர்டரை வாங்கிக்கொண்டு உள்ளுக்க வருவார், நான் வெட்டிக் குடுப்பன், அவர் கொண்டுபோய்க் குடுப்பார்."

கடையின் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் பட்டைகளால் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னால் டக் டக்கென்று சத்தம் கேட்கும். மணியண்ணை உள்ளே போவார், பையோடு வருவார். நாங்கள் எல்லாம் "அண்ணை, உங்க வெட்டே வெட்டு" என்போம். பதினோரு வருஷம்! ஒருவர்கூட அந்தத் திரையை விலக்கிப் பார்க்கவில்லை.

"இதைச் சொன்னா கடை நிமிர்ந்திடுமே! ஏன் சொல்லலை?"

கத்தி நின்றது. "அவர் இல்லாமல் போனாப் பிறகு, அவர் ஒருநாளும் வெட்டேல்லை எண்டு நான் சொல்லுறதோ? ஆக்கள் அவரைப் பொய்க்காரன் எண்டு கதைக்கமாட்டினமோ?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என் உற்சாகம் அடங்கவில்லை! அன்றே வீட்டில் உட்கார்ந்து ஒரு விளம்பரம் எழுதினேன். பெண்ணின் பெருமை, உழைப்பின் உயர்வு, திரைக்குப் பின்னால் ஒளிர்ந்த தீபம்... ஒரு முழுப் பக்கம். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வதனி பொறுமையாகக் கடைசி வரை படித்தார்.

"நல்லாத்தான் இருக்குது அண்ணை. மீன் எங்கை?"

முழுப் பக்கத்தில் மீன் என்ற சொல்லே இல்லை.

"அவரைக் குறைக்காமச் சொல்ல ஏலுமோ எண்டு பாப்பம்" என்று வதனியே ஒரு பேனாவை எடுத்து, என் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினார். இடையில் இரண்டு வாடிக்கையாளர் வந்து போனார்கள். ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். எழுதி முடித்ததும் என்னைப் பார்க்காமல் தாளை நீட்டினார்.

"மணியண்ணை கடை திறந்திருக்குது. மீன் வெட்டுறது முந்தி வெட்டின அதே கைதான். அவர் முன்னுக்கு நிண்டு உங்களோடை கதைச்சார், நான் உள்ளுக்க வெட்டினன். அவரைப் போலக் கதைக்க எனக்கு ஏலாது. மீன் அதே மாதிரி இருக்கும். வந்து பாருங்கோ. வதனி."

ஒரு சொல்லைக் கூட்ட முடியுமா? குறைக்க முடியுமா? அவரைக் குறைத்தும் சொல்லவில்லை, தன்னை உயர்த்தியும் சொல்லவில்லை. இருந்தது இருந்தபடி!

அந்தக் கையெழுத்தையே நகல் எடுத்தோம். ஒன்று கடைக் கண்ணாடியில். ஒன்று கோயில் அறிவிப்புப் பலகையில். மீரா அதைப் படம் எடுத்துத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அது நகரின் மறுகோடியில் இருக்கும் இல்ஃபோர்ட் வரை போனது. வதனி அதோடு நிற்கவில்லை. ஸ்டூலில் ஏறி அந்தப் பிளாஸ்டிக் திரையைக் கழற்றினார். வெட்டுப் பலகையை இழுத்து வந்து முன்னால், கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டார். தெருவில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம்.

சனிக்கிழமை வந்தது. கடை திறக்கும்போதே நானும் மீராவும் போய்விட்டோம். ஒன்பது மணி. யாரும் இல்லை. ஒன்பதரை. ஒரு வெள்ளைக்காரர் வந்து வழி கேட்டுப் போனார். வதனி ஏப்ரனை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினார்.

பத்து மணிக்கு இல்ஃபோர்ட்டிலிருந்து ஒரு குடும்பம். பின்னால் இன்னும் மூன்று பேர். பின்னால்... அட, இராசரத்தினம் ஐயா!

"விளைமீன் ஒண்டு வெட்டு பிள்ளை. நான் நிண்டு பாக்கிறன்."

எல்லாரும் வெட்டுப் பலகைப் பக்கம் நெருங்கினார்கள். வதனி மீனை எடுத்தார். செதிள் பறந்தது. கத்தி வாலில் இறங்கி, நடுமுள்ளை உரசிக்கொண்டே ஒரே இழுப்பில் தலைவரை போனது. திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு. நடுவில் முள் மட்டும் சீப்பு மாதிரிக் கிடந்தது. ஒரு துளிச் சதை ஒட்டவில்லை!

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதே வெட்டுத்தான்... இதேதான்! இவ்வளவு காலமும் நான் தாங்க்ஸ் சொன்னது மணியத்துக்கெல்லோ!"

"அவர் அதை எனக்குக் கொண்டுவந்து சொல்லிப்போடுவார் ஐயா" என்றார் வதனி. "ஒவ்வொரு நாளும், கடை பூட்ட முன்னம்."

பெரியவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண், "அக்கா, எனக்குக் கணவாய் கிளீன் பண்ணித் தரேலுமோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்! எனக்குத் திருக்கை, எனக்கு நண்டு, எனக்கு அரைக் கிலோ சூடை. மீரா பை கட்டினாள். நான் உதவுகிறேன் என்று உள்ளே போய் இரண்டு தடவை வழுக்கியதில், "நீங்க வெளியில நிண்டு கதையுங்கோ அண்ணை" என்று அன்பாக அனுப்பிவைக்கப்பட்டேன். நின்று கதைத்தேன். வஞ்சிரமா அறக்குளாவா என்று ஒரு திருநெல்வேலிக்காரரோடு நல்ல சண்டை!

மத்தியானம் ஃபோன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, முடிவு?" என்றார்.

"கடை குடுக்கிறதுக்கு இல்லைத் தம்பி. பாரை இருக்குது, தரட்டோ?"

ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

முழுதாக நான்கு சனிக்கிழமைகள் ஆகிவிட்டன. கூட்டம் குறையவில்லை. நல்ல விளம்பரம் எழுதப் பெரிய பெரிய சொல் வேண்டியதில்லை, சொல்லாமல் விட்ட ஓர் உண்மை கையில் இருந்தால் போதும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு ஆபீஸிலும், ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

இதுவரை எழுதி மீராவிடம் கொடுத்தேன். படித்தாள். இரண்டு ஒற்றெழுத்துகளைச் சேர்த்தாள், ஒரு காற்புள்ளியை அடித்தாள். "எல்லாம் சரி, ஒரு விஷயம் விட்டுப்போச்சே" என்று சொல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனவே, வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு: இந்தப் பத்தியில் பிழை இல்லை என்று நீங்கள் இத்தனை காலம் பாராட்டியதெல்லாம் மீராவுக்குச் சேர வேண்டியது, முதல் வாரத்திலிருந்தே!