அடைக்கலசாமியின் ஜப்பான் குஸ்தி

கப்பலேறிப் போனவர்கள் திரும்பும்போது பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவார்கள். ஆரணி அடைக்கலசாமி கொண்டுவந்தது விழத் தெரிந்த உடம்பை மட்டும்தான்.

கல்யாண வீடுகளில் சமைத்துப் பிழைத்த ஒல்லிப்பிச்சான் அவன். தாய் இல்லை, தகப்பன் இல்லை, இவன் எங்கே என்று தேடுவதற்கு ஒரு நாய்கூட இல்லை. சென்னைப்பட்டணத்து வெள்ளைக்காரப் பட்டு வியாபாரி ஒருவர் ஜப்பானுக்குக் குடிபோனபோது சமையலுக்கு இவனையும் கூட்டிப்போனார். கோபே என்ற துறைமுகம். துரை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடம் இருந்தது. அங்கே பாய் விரித்த தரையில் ஆட்கள் ஒருவரை ஒருவர் தூக்கி எறிந்துகொண்டிருப்பார்கள். அந்த வித்தைக்கு ஜூஜுத்சு என்று பெயர். ஒருநாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவனை வாத்தியார் கையசைத்துக் கூப்பிட்டார். போனான். மறுகணம் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனை லேசான ஆள் அந்தக் கூடத்துக்கு அதுவரை கிடைத்ததில்லை. அன்றிலிருந்து தினமும் சமையல் முடிந்ததும் போவான். அவர்கள் எறிவார்கள், இவன் விழுவான். பாஷை புரியவில்லை, உடம்புக்குப் புரிந்தது. வருகிற பலத்தோடு மல்லுக்கு நிற்கக் கூடாது, அது போகிற பக்கமே நாமும் போக வேண்டும். தொப்பென்று விழாமல், ஒரு தோளில் தொடங்கி மறுபக்க இடுப்பில் முடிகிற மாதிரி பந்தாக உருண்டு எழுந்துவிட வேண்டும். இன்னொன்றையும் கவனித்தான். எத்தனை வேகமாக எறிந்தாலும், எறிகிறவன் கடைசி நொடியில் இவனுடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொள்வான். விழுகிறவன் மண்டை உடையாமல் பார்த்துக்கொள்வது எறிகிறவனின் பொறுப்பாம். அதை நினைத்து அடைக்கலசாமி பலமுறை கண் கலங்கியிருக்கிறான். அவன் மண்டைக்காக அதுவரை இந்த உலகத்தில் யார் கவலைப்பட்டார்கள்?

எறிவதற்கு மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

சில வருஷம் கழித்து ஊர் திரும்பியவனிடம், "ஜப்பான்ல இன்னாடா கத்துகினே?" என்று கேட்டார்கள். "அந்த ஊரு குஸ்தி" என்றான். அது பாதி உண்மை. மீதியை ஆரணி ஜனங்களே சேர்த்துக்கொண்டார்கள். சந்தவாசல் பக்கம் போனபோது, அவன் ஜப்பான் ராஜாவின் யானையைத் தூக்கி எறிந்த கதையை அவனுக்கே யாரோ சொன்னார்கள்.

இந்தப் புகழோடு அவன் பாக்கியமேரியைப் பெண் கேட்டுப் போனான். ஒரு கல்யாணப் பந்தியில், "உங்க ரசம் நல்லா இருந்துச்சிங்க" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் தன் உயிரையே எழுதிக் கொடுத்துவிட்டான். ஆனால் தகப்பனில்லாத அந்த வீட்டில் அண்ணன் பவுல்துரை வைத்ததுதான் சட்டம். பட்டு நூலைச் சாயத்தில் தோய்த்துப் பிழிகிற தொழில் அவனுக்கு. பிழிந்து பிழிந்து மணிக்கட்டு இரண்டும் உலக்கையாகியிருந்தன. போளூரிலிருந்து செய்யார் வரைக்கும் அவனைச் சாய்த்த பயில்வான் கிடையாது.

"தோத்திரம் மச்சான்!"

"எவன்டா உனக்கு மச்சான்? சட்டி கழுவறவனுக்கா என் தங்கச்சி?" பவுல்துரை மேலும் கீழும் பார்த்தான். "ஜப்பான் குஸ்திக்காரனாமே நீ. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோதாவுக்கு வா. ஜெயிச்சா பொண்ணு. தோத்தா இந்த ஊர்லயே உன் மூஞ்சி தெரியக் கூடாது."

கொல்லைப்பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள் பாக்கியமேரி. "நெஜமாவே உங்களுக்குக் குஸ்தி தெரியுங்களா?"

"விழத் தெரியும்."

"என் மாதாவே! விழறதுக்கா கப்பலேறிப் போனீங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக் கோதாவில் ஊரே கூடிவிட்டது. பெண்கள் வேலியோரம் நின்றார்கள். நெசவுக்காரர் ராஜவேலுதான் நடுவர். "ரெண்டு தோளும் ஒண்ணா மண்ணுல பட்டா தோல்வி. ஜல்தி ஆரம்பிங்க!" என்றார்.

பவுல்துரை அவனைத் தலைக்குமேல் தூக்கி வீசினான். பாக்கியமேரி கண்ணை மூடிக்கொண்டாள். அடைக்கலசாமி உருண்டு எழுந்து, கோபே வழக்கப்படி எறிந்தவனுக்குக் குனிந்து மரியாதை செய்தான். ராஜவேலு ஓடிப்போய் அவன் முதுகைப் பார்த்தார். இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை குறுக்கே ஒற்றைக் கோடாக மண் இருந்தது.

"அட, கிறிஸ்துவன் பூணூல் போட்டுகினு நிக்கிறான்டா!" என்று ஒருவன் கத்த, கோதாவே குலுங்கியது.

"ஒரு தோள்தான் பட்டுச்சி. செல்லாது, மறுபடியும்!" என்றார் ராஜவேலு.

மறுபடியும் எறிந்தான். மறுபடியும் அதே கோடு, அதே குனிவு. எறிய எறியப் பவுல்துரைக்கு மூச்சு வாங்கியது. விழ விழ அடைக்கலசாமியின் முகம் மலர்ந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒழுங்காக விழுந்து!

"என்னை நக்கல் பண்றியாடா? பேஜார் புடிச்சவனே!" பவுல்துரை உறுமிக்கொண்டு தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான்.

தன்னை எறிகிறவர்கள் கால்களை எங்கே வைப்பார்கள் என்று அடைக்கலசாமியின் உடம்பு அத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் கேட்காமலே அது அங்கே போய் நின்றது. வந்த கையை மெல்லத் தொட்டு, அது போன பக்கமே திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான்! தன் வேகத்திலேயே பயில்வான் ஆகாயத்தில் பறந்தான்.

ஐயோ, அவன் தலை போகிற திசையில் கர்லாக்கட்டை சாத்துகிற கருங்கல்! பவுல்துரைக்கு எறியத் தெரியும், விழத் தெரியாது. அடைக்கலசாமி சட்டைக் கையைப் பிடிக்கத் தாவினான். லங்கோடு கட்டியவனுக்கு ஏது சட்டைக் கை? ஒரு கணம்கூட யோசிக்காமல் கல்லுக்கும் தலைக்கும் நடுவே தானே போய் மல்லாந்து விழுந்தான். மலை அவன்மேல் சரிந்தது.

தூசி அடங்கியது. ராஜவேலு குனிந்து பார்த்து, வருத்தத்தோடு கையை உயர்த்தினார். "அடைக்கலசாமிக்கு ரெண்டு தோளும் பட்டுச்சி. பவுல்துரை ஜெயிச்சான்!"

வேலியோரத்தில் ஒரு விம்மல் கேட்டது.

பவுல்துரை எழுந்து உட்கார்ந்தான். தன் காது கிடந்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்த கல்லைப் பார்த்தான். மூச்சுத் திணறிக் கிடந்த சமையல்காரனைப் பார்த்தான். உலக்கை மணிக்கட்டால் கண்ணைத் துடைத்தான்.

"நான்தாண்ணே தோத்தேன்" என்றான் ராஜவேலுவிடம்.

"அது எப்படிடா? உன் முதுகுல ஒரு பொட்டு மண்ணுகூட இல்லியே. எனக்குன்னு ஒரு நியாயம் இருக்குதுல்ல?"

பவுல்துரை எழுந்தான். கோதாவின் நடுவே போனான். நீட்டி நிமிர்ந்து மல்லாந்து படுத்தான். முதலில் ஒரு தோளை அழுத்தினான், பிறகு மற்றதையும் அழுத்தினான்.

"இப்போ ரெண்டும் பட்டுச்சா?"

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. ராஜவேலு இரண்டு தோளையும் குனிந்து பார்த்தார். "பட்டுச்சிடா... பவுல்துரை தோத்தான். எழுந்திரு."

"இன்னும் சத்தமா சொல்லுங்கண்ணே. தங்கச்சி தூரத்துல நிக்கிறா."

ராஜவேலு ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கக் கத்தினார். வேலியோரத்துப் பெண்களுக்குள் பாக்கியமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாளா சிரித்தாளா, யாருக்கும் தெரியவில்லை. அடைக்கலசாமி தள்ளாடி எழுந்தான். படுத்திருந்தவனுக்கு எதிரே போய்க் குனிந்தான்.

"அட, குனிஞ்சது போதும்டா" என்றான் பவுல்துரை, படுத்தபடியே. "போயி சாமியாரைப் பாரு. வர்ற ஞாயித்துக்கெழம பூசையிலயே உங்க கல்யாண ஓலை படிக்கச் சொல்லு."