மூன்று என்று சொன்னவர்

சென்ற வாரம் ராசிபுரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது சரோஜா அக்கா அழைத்தார். "அவரு போயிட்டாருங்க சாமி" என்றார். மாரடைப்பு. அவர் கணவர், பள்ளி வேன் ஓட்டிய குழந்தைவேலு அண்ணனை, அந்த வேனில் பிள்ளைகளை அனுப்பிய நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவரும் நானும் பங்கு போட்டுச் சிறிய தொலைநோக்கி வாங்கியது சிலருக்கே தெரியும்.

ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தில், வேட்டைக்காரனின் வாளாகத் தெரியும் இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி உண்டு. தொலைநோக்கியில் அதனுள் நான்கு விண்மீன்கள் நெருங்கி நிற்கும். மாசியில் இருட்டியதும் அவர் வீட்டு மொட்டைமாடியில் பார்ப்போம். நான் அவசரக்காரன், குனிவதற்கு முன்பே நாலு என்பேன். அவருக்குக் கோபம் வரும். "பாத்ததச் சொல்லோணுமுங்க. இருக்கறதச் சொல்றதுக்குப் பொஸ்தகம் போதும்."

ஒரு மாசியில் வெகுநேரம் குனிந்திருந்தவர், "மூணுதானுங்க தெரியுது" என்றார். நான் பார்த்தேன். நான்கும் இருந்தன. லென்சைத் துடைத்துக் கொடுத்தேன். மறுபடியும் மூன்று. இடக்கண்ணை வைத்தார், நான்கு. வலக்கண்ணுக்கு மாறினார், மூன்று. முந்தின வாரம்தான் வேனின் வலப்பக்கம் பள்ளி கேட்டில் உரசியிருந்தது. வேனின் பக்கக் கண்ணாடி சரியில்லை என்று அன்று சொல்லியிருந்தார். காலையில் பிள்ளைகளை ஏற்றப் போகவேண்டிய வேன் கீழே நின்றது. இருவரும் அதையே பார்த்தோம்.

"பனியா இருக்கும், நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றேன். அந்த வீட்டின் சோறு அந்த வேன். நாலு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அவர்மேல் ஆத்திரமே வந்தது.

"உங்க புள்ளையும் அதுலதானுங்க ஏறுது" என்றார்.

மறுநாள் சாவி மச்சினன் கைக்குப் போனது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அதன்பிறகு வேன் கதவோரம் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். வசதி வந்துவிட்டது, ஓட்ட ஆள் போட்டுவிட்டார் என்று நம்மில் சிலர் கேலி பேசினோம். அவர் மறுத்ததே இல்லை.

காரியம் முடிந்த அன்று இருட்டியதும் அக்கா என்னை மாடிக்கு, தொலைநோக்கியிடம் அழைத்துப் போனார். நான் குனிந்தேன்.

"நாலும் தெரியுதுங்களா சாமி?"

ஆமாம் என்றால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் கண் நிறைந்து எல்லாம் கலங்கிக் கிடந்தது.

"ஒண்ணுமே தெரியலீங்கக்கா" என்றேன்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.